1/32 ஜீரோ: எல்லாவற்றையும் 32-ஆல் வகுத்துப் பார்க்கிற வேலை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, நாலைந்து விமான மாதிரிகள் கட்டியிருக்கிறீர்கள். இப்போது தமியா கம்பெனியின் 1/32 கிட் கைக்கு வந்திருக்கிறது, இரண்டாம் உலகப்போரின் ஜப்பான் கடற்படைப் போர் விமானமான ஜீரோவில் மாடல் 52 என்ற வகை. இவ்வளவு பெரியதை உங்களால் கட்ட முடியுமா, ஏர்பிரஷ் இல்லாமல் ஆகுமா, ஜப்பான் விமான மாடல்களில் பெயின்ட் உரிந்து உள்ளே வெள்ளித்தகடு பளபளக்கிறதே அதை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே 1942-ல் திருகோணமலையில் குண்டு போட்டது இந்த விமானம்தான் என்று உங்கள் தாத்தா சொல்வார், அதனால் அதையே கட்ட ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது: அளவு பெரிதாகும்போது எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும். பல வருடங்களாக ஜப்பான் கடற்படை விமானங்களைக் கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். தரைப்படை விமானங்களில் என் அனுபவம் குறைவு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் ஸ்ப்ரூ என்ற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டும் முன்பே அதை முடிவு செய்தாக வேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைக்கு ஜீரோக்கள் வந்தது உண்மை. ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அப்போது வங்கக் கடலில் இருந்தன. நான்கு நாள் முன்பு கொழும்பை அடித்ததும் அதே கூட்டம்தான். ஆனால் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டவை நகாஜிமா பி5என் என்கிற மூன்று பேர் உட்காரும் விமானங்கள். ஜீரோக்கள் அவற்றுக்குக் காவலாக வந்து பிரிட்டிஷாரின் ஹரிகேன் போர் விமானங்களோடு சண்டை போட்டன. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷாரின் ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடித்தவை ஐச்சி டி3ஏ என்னும் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடுகிறவை. தரையிலிருந்து பார்த்தவருக்கு எல்லாமே சிவப்பு வட்டம் போட்ட ஒற்றை எஞ்ஜின் விமானம்தான், தாத்தா சொன்னதில் குற்றமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். அன்று வந்த ஜீரோ மாடல் 21. உங்கள் பெட்டியில் இருப்பது மாடல் 52, அது 1943-ல்தான் போருக்கு வந்தது. பெயின்டை மாற்றி அடித்து ஒன்றை இன்னொன்றாக ஆக்க முடியாது. மாடல் 21-ன் இறக்கை முனையிலிருந்து முனைக்கு 12 மீட்டர், கப்பலின் லிஃப்டில் நுழைவதற்காக இரு முனையிலும் அரை மீட்டர் மேல்நோக்கி மடங்கும். மாடல் 52-க்கு 11 மீட்டர்தான், முனை உருண்டையாக இருக்கும், மடங்காது. எஞ்ஜின் மூடியும் வேறு. 21-ல் காற்று உறிஞ்சும் வாய் கீழ் உதட்டில் இருக்கும், 52-ல் சகே 21 எஞ்ஜின் வந்த பிறகு அது மேலே போய்விட்டது. புகைக்குழாய்களும் அப்படித்தான், 21-ல் பக்கத்துக்கு ஒன்றாக மூடிக்கு அடியில் முடியும், 52-ல் தனித்தனிக் குழாய்கள் மூடியின் பின்விளிம்பைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும். திருகோணமலை விமானம்தான் வேண்டும் என்றால் தமியாவே 1/32-ல் மாடல் 21-ஐத் தனி கிட்டாகப் போட்டிருக்கிறது. என் யோசனை, இந்த 52-ஐ 52-ஆகவே கட்டுங்கள், கை பழகியபின் 21-ஐத் தாத்தாவுக்காகக் கட்டலாம். அன்றைய 21, எஞ்ஜின் மூடியைத் தவிர, முழுக்க வெளிர் சாம்பல் பச்சை, ஒரே நிறம், பிழையை மறைக்க அங்கே இடமே இல்லை. 52-ல் மேலே கரும்பச்சை, கீழே சாம்பல். புதியவருக்கு இதுதான் வசதி.

அடுத்து, முடியுமா என்ற கேள்வி. துண்டுகளை ஒட்டுகிற வேலை மட்டும் என்றால் 1/72-ஐவிட இது எளிது. துண்டுகள் விரலுக்குப் பிடிபடும், தமியா கிட்டுகளில் பொருத்தம் நன்றாக இருக்கும், மெல்லிய பசையை இடுக்கில் தொட்டாலே ஓடிப் பிடித்துக்கொள்ளும். கடினம் இருப்பது பரப்பில். உங்கள் 1/72 ஜீரோவின் இறக்கை சுமார் 15 சென்டிமீட்டர், இது 34 சென்டிமீட்டருக்கு மேல். நீளம் இரண்டேகால் மடங்குதான் என்றாலும் பரப்பு ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு பெயின்ட், ஐந்து மடங்கு தேய்ப்பு, தூசி விழ ஐந்து மடங்கு இடம். 1/72-ல் கண்ணுக்கே தெரியாத இணைப்புக் கோடு இங்கே எழுந்து நிற்கும். அங்கே நிறமாக மட்டும் தெரிந்த காக்பிட் இங்கே ஒவ்வொரு கைப்பிடியும் தெரிகிற அறையாகிவிடும்.

இந்த வேலைக்கு நான் வைத்திருக்கிற ஒரே அளவுகோல் 32-ஆல் வகுப்பதுதான். எதைச் செய்யும்போதும் நிஜ விமானத்தில் அது எவ்வளவு பெரியது என்று கேட்டு வகுத்துப் பாருங்கள், அல்லது மாடலில் செய்ததை 32-ஆல் பெருக்கிப் பாருங்கள். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 3.2 சென்டிமீட்டர். சக்கரத்தை மூடும் கதவின் பிளாஸ்டிக் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தால், நிஜத்தில் அது மூன்று சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்புக் கதவு போல ஆகிவிடும். ஜீரோவில் இருந்தது மெல்லிய அலுமினியத் தகடு. அதனால் அந்த விளிம்பை உட்பக்கமாகச் சாய்த்து 400, 600 நம்பர் எமரி தாளில் தேய்த்துக் கத்தி முனை போல ஆக்குங்கள். முழுக் கதவையும் மெலிதாக்க வேண்டாம், கண்ணுக்கு விளிம்புதான் தெரியும். இந்த ஒரு காரியமே மாடலின் தோற்றத்தை அவ்வளவு மாற்றும். புகைக்குழாய்களின் வாயை ஊசித் துளைப்பானால் குடைந்து மெலிதாக்குவதும் இதே கணக்குதான்.

காக்பிட்டுக்கு நேரம் கொடுங்கள். ஜீரோவை வடிவமைத்த ஹொரிகோஷி ஜிரோவின் குழுவுக்கு எடை என்றால் அவ்வளவு பகை. இருக்கையில்கூட எடை குறைக்க வட்ட வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள், இறக்கையின் முக்கிய உத்தரத்துக்கு சுமிதொமோவின் புதிய அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். அந்தத் துளைகளுக்குள் வாஷ், அதாவது இடுக்குகளில் ஓடவிடுகிற நீர்த்த பெயின்ட், தேங்கி அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காக்பிட் பச்சை அடித்து, பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் கரும்பழுப்பு எண்ணெய் வாஷ், காய்ந்ததும் மேடுகளில் வெளிர் பச்சையைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்ட உலர்தூரிகையால் தடவினால் போதும். கருவிகளின் முகப்பு டெகலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்டியபின் ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டுத் தெளிவான வார்னிஷ் விட்டால் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். எஞ்ஜினில் ஒரு சேர்க்கை மட்டும் சொல்வேன். சகே எஞ்ஜினில் இரண்டு வரிசையில் 14 சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், ஆக 28 வயர். 0.3 மில்லிமீட்டர் ஈயக் கம்பி அல்லது செம்புக் கம்பி சரியாக இருக்கும், 32-ஆல் பெருக்கினால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அரை மில்லிமீட்டர் கம்பி போட்டால் தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி ஆகிவிடும். பின் வரிசை வயர்கள் மூடிக்குள் தெரியவே தெரியாது, உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் முன் வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் கழற்றிப் பார்க்கப் போவதில்லை.

உடலை ஒட்டிய பின் இணைப்புக் கோட்டைப் புட்டி வைத்துத் தேய்ப்பீர்கள். அப்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முதுகிலும் வயிற்றிலும் நீளவாக்கில் ஓடும் கோடு நீங்கள் ஒட்டியதால் வந்தது, அது மறைய வேண்டும். காக்பிட்டுக்குப் பின்னால் உடலைச் சுற்றி வளையமாக ஓடும் கோடு நிஜ விமானத்திலேயே இருப்பது, அதை நிரப்பக் கூடாது. ஜீரோவின் இறக்கையும் முன்னுடலும் ஒரே துண்டு, பின்னுடல் தனித்துண்டு, இரண்டையும் அந்த வளையத்தில் போல்ட் போட்டு இணைப்பார்கள். மிட்சுபிஷியின் நகோயா தொழிற்சாலைக்கு அருகில் சரியான விமான ஓடுதளம் இல்லாததால் முதல் மாதிரி விமானத்தைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக் ககாமிகஹாராவுக்குக் கொண்டுபோய், அங்கே பூட்டித்தான் 1939 ஏப்ரல் 1 அன்று பறக்கவிட்டார்கள். அந்தக் காலத்தின் அதிநவீன போர் விமானம் மாட்டு வண்டியில் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். தேய்க்கும்போது இந்தக் கோடு ஆழம் குறைந்துவிட்டால் தடித்த டேப்பை வழிகாட்டியாக ஒட்டி, கீறுமுனையால் மெதுவாக மறுபடி வெட்டுங்கள். அழிந்துபோன ரிவெட் வரிசைகளைப் பல்சக்கரம் உருட்டி மீட்கலாம். ஆனால் ஜீரோவின் ரிவெட்டுகள் தகட்டோடு சமமாகப் பதிந்தவை, அழுத்தி உருட்டினால் விமானம் முழுக்க அம்மை போட்டதுபோல் ஆகிவிடும்.

இப்போது நீங்கள் உண்மையில் ஆசைப்படுகிற உரிசல் வேலை. இணையத்தில் காணும் பாதி ஜீரோ மாடல்கள் மிகையானவை என்பது என் கருத்து. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பான் தரைப்படையின் ஹயபுசா, ஹியன் போன்றவை பல சமயம் வெற்று அலுமினியமாகத் தொழிற்சாலையை விட்டு வந்து, படைப்பிரிவிலேயே பச்சை அடிக்கப்பட்டவை. அடியில் ப்ரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாததால் அந்தப் பச்சை செதில் செதிலாக உதிர்ந்தது, புகைப்படங்களில் சந்தேகமில்லாமல் தெரியும். ஜீரோ கடற்படை விமானம், உப்புக்காற்றில் நிற்க வேண்டியது, தொழிற்சாலையிலேயே முறையாகப் பெயின்ட் அடித்து வந்தது. ப்யர்ல் துறைமுகத்தில் விழுந்த ஜீரோக்களின் தகட்டுத் துண்டுகளில் பெயின்ட் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. உரிந்து கிழிந்த ஜீரோக்களின் படங்களும் உண்டுதான். அவற்றில் நிறைய, கைவிடப்பட்டு மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் கிடந்தபின் அமெரிக்கர்கள் எடுத்தவை. பறந்துகொண்டிருந்த விமானத்துக்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது. சாலமன் தீவுகள் பக்கம் 1942, 43-ல் சாம்பல் ஜீரோக்களின் மேல் அவசரமாகப் பச்சை பூசினார்கள். அது தேய்ந்தபோது அடியில் தெரிந்தது பழைய சாம்பல் பெயின்ட்தான், வெள்ளித்தகடு குறைவு. இவ்வளவையும் உறுதியாகச் சொல்வேன். போரின் கடைசி வருடத்தில் பெயின்டின் தரம் எவ்வளவு சரிந்தது, எந்தத் தொழிற்சாலையில் அதிகம் என்பது பற்றி ஆய்வாளர்களிடையே ஒரே குரல் இல்லை, அதனால் 1945 விமானம் என்றால் கொஞ்சம் தாராளமாக உரிப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எங்கே உரியும் என்பதை அதைத் தொட்ட மனிதர்களை வைத்து யோசியுங்கள். விமானி இடது பக்கமாகத்தான் ஏறுவார், உடலிலிருந்து வெளியே இழுத்துவிடுகிற படியும் கைப்பிடியும் அந்தப் பக்கம்தான் உண்டு. ஆகவே இடது இறக்கையின் அடிப்பகுதி வலதைவிட அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக உரித்திருந்தால் செய்தவர் யோசிக்கவில்லை என்று அர்த்தம். எஞ்ஜின் மூடியின் பூட்டுகளைச் சுற்றி மெக்கானிக்கின் திருப்புளி பட்டுத் தேயும், இறக்கையில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்குக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரம் தேயும், இறக்கையின் முன்விளிம்பு தூசியும் கல்லும் பட்டுத் தேயும். நான் எப்போதும் முதலில் பார்ப்பது இறக்கையிலுள்ள ஐலரான், வாலிலுள்ள எலிவேட்டர், ரட்டர் மூன்றையும்தான். ஜீரோவில் இந்த அசையும் பகுதிகள் துணி போர்த்தியவை. துணியில் வெள்ளித்தகடு எப்படித் தெரியும்? ஆனாலும் வால் ரட்டரில் பளபளவென்று வெள்ளி உரிசல் போட்ட மாடல்கள் போட்டிகளில்கூட வந்து நிற்கும். துணிப்பகுதிக்குத் தேய்வு வேண்டுமென்றால் பச்சையைக் கொஞ்சம் வெளிறவிடுங்கள், வெயிலில் துணி தகட்டைவிட வேறுமாதிரி நிறம் மங்கும்.

முறை எளிது. தேயும் இடங்களில் மட்டும் ப்ரைமருக்கு மேல் அலுமினிய லாக்கர் அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் அந்த இடத்தில் தலைமுடி ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அதன் மேல் அக்ரிலிக் பச்சை. அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் தொட்ட சின்னப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தால் பெயின்ட் துண்டு துண்டாகக் கழன்று வரும். பச்சை ரொம்பக் காய்ந்துவிட்டால் வராது, அவசரப்பட்டால் தகடு தகடாக வந்துவிடும், ஆகவே பழைய பிளாஸ்டிக் கரண்டியில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெருக்கல் கணக்கு: மாடலில் மூன்று மில்லிமீட்டர் உரிசல் என்றால் நிஜத்தில் உள்ளங்கை அகலம் பெயின்ட் போய்விட்டது என்று பொருள். இருக்கவே இருக்காது என்றில்லை, ஆனால் ஐம்பது இடத்தில் இருக்காது. பெரும்பாலான உரிசல் அரை மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கட்டும், அதைக் கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டாலும் கூர்மையான வெள்ளிப் பென்சிலாலும் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

நிறங்களில் எது உறுதி, எது வாதம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஜீரோவை மிட்சுபிஷி, நகாஜிமா இரண்டு நிறுவனங்களும் கட்டின. ஜீரோவுக்கான வடிவமைப்புப் போட்டியிலிருந்து முதலில் விலகிக்கொண்ட நகாஜிமாதான் கடைசியில் பாதிக்கு மேல் கட்டியது என்பது ஒரு வேடிக்கை. பச்சையும் சாம்பலும் சந்திக்கும் கோடு பின்னுடலில் எப்படி ஓடுகிறது என்பதில் இரண்டும் வேறு. மிட்சுபிஷி விமானத்தில் அது வால் வரை கிட்டத்தட்ட நேராகப் போகும், நகாஜிமாவில் வளைந்து மேலேறி கிடைவாலின் அடியைத் தொடும். இது உறுதி, மாடலில் தூரத்திலிருந்தே தெரியும். காக்பிட் பச்சையும் இரண்டிலும் ஒன்றல்ல, மிஸ்டர் கலர் என்ற பெயின்ட் கம்பெனி அதனால்தான் மிட்சுபிஷிக்கு 126, நகாஜிமாவுக்கு 127 என்று தனித்தனியாக விற்கிறது. தமியாவில் எக்ஸ்எஃப்-71 என்ற எண்ணுள்ள பெயின்ட் ஒன்றை வைத்தே சமாளிக்கலாம். உட்பகுதித் தகடுகளில் அடித்த ஆஓதகே என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சு ஒளி ஊடுருவுகிற நீலப்பச்சை, வெள்ளிக்கு மேல் தெளிவான நீலமும் பச்சையும் கலந்து அடித்தால் வந்துவிடும். அது விமானத்துக்கு விமானம் நீலமாகவும் பச்சையாகவும் மாறியதால் சரியான நிறம் என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். சக்கரக் குழிக்குள் ஆஓதகேயா அடிப்பகுதிச் சாம்பலா என்பது கட்டிய நிறுவனத்தையும் காலத்தையும் பொறுத்தது.

ஆரம்ப கால ஜீரோக்களின் சாம்பல் பச்சைதான் பெரிய சண்டை. 1942 ஜூனில் அலூஷன் தீவுகளில் அகுதான் என்ற இடத்தில் கொகா ததயோஷி என்ற விமானி இறக்கிய ஜீரோ சதுப்பில் கவிழ்ந்து, கிட்டத்தட்ட முழுதாக அமெரிக்கர் கைக்குப் போனது. அப்படிக் கிடைத்தவற்றின் அறிக்கைகளும் மிஞ்சிய தகட்டுத் துண்டுகளும் இருந்தும், அந்த நிறம் சாம்பலா, ஆலிவ் சாயலா, பழுப்பு கலந்ததா என்று பல வருடம் வாதாடினார்கள். பழைய பெயின்டின் பிசின் வயதாகும்போது மஞ்சளடிக்கும், மேற்பரப்பு சுண்ணாம்பு போல் வெளுக்கும், அதனால் இன்று கையில் இருக்கும் துண்டு அன்றைய நிறத்தை அப்படியே காட்டாது. இப்போது பெரும்பாலோர் ஏற்கிற ஆலிவ் சாயலுள்ள சாம்பலுக்குத்தான் தமியா எக்ஸ்எஃப்-76 போட்டிருக்கிறது. உங்கள் மாடல் 52-க்கு இந்தத் தலைவலி இல்லை. உங்களுக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டும் என்றால் கலிஃபோர்னியாவில் சினோ நகரிலுள்ள ப்ளேன்ஸ் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் 61-120 எண் விமானத்தின் படங்களைத் தேடுங்கள். 1944 ஜூனில் சைபான் தீவில் பிடிபட்ட நகாஜிமா கட்டிய 52, அசல் சகே எஞ்ஜினோடு பறக்கக்கூடியது. வடிவத்துக்கும் எண்ணெய் வழியும் இடத்துக்கும் அதைப் பாருங்கள், இப்போதிருக்கும் பெயின்ட் பின்னால் அடித்தது என்பதால் நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியும். தமியாவின் விமான ஸ்ப்ரே டப்பாக்களில் ஏஎஸ்-1 கரும்பச்சை, ஏஎஸ்-2 சாம்பல், இரண்டுமே ஜப்பான் கடற்படைக்கென்றே உள்ளவை, இந்த அளவு இறக்கைக்கு டப்பா ஸ்ப்ரே அழகாகப் படியும். ஆனால் அழுத்த டப்பாக்கள் விமானத் தபாலில் வராது, உள்ளூரில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஸ்ப்ரேயில் கிடைக்காத ஒன்று மெல்லிய மாற்றம், அதாவது தகட்டின் நடுவில் பச்சையைக் கொஞ்சம் வெளிறச் செய்வது. ஒரே சீரான பச்சை 1/32-ல் பொம்மை போல இருக்கும், அதை எண்ணெய்ச் சாயத்தைப் புள்ளி வைத்துத் தின்னரால் இழுத்துவிட்டு ஓரளவு சரிக்கட்டலாம். ஏர்பிரஷ் வாங்குவதாக இருந்தால் ஈரம் பிடிக்கும் வடிகட்டி உள்ள கம்ப்ரசராகப் பாருங்கள். நான் சென்னை, நீங்கள் திருகோணமலை, இரண்டு பேருக்கும் எதிரி கடற்கரை ஈரப்பதம். மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிரில் காற்றின் ஈரம் பெயின்டில் படிந்து மேற்பரப்பு வெளுத்துவிடும். வெயில் ஏறிய பகல் நேரத்தில் அடியுங்கள், மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் பயன்படுத்துங்கள். வெளுத்தாலும் பயப்படாதீர்கள், உலர்ந்த நாளில் அந்தத் தின்னரை மட்டும் மெலிதாக ஒரு பூச்சு விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மேல் கீழ் நிறம் சேரும் கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை முழுக்க அழுத்தி ஒட்டாமல் விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். நிஜத்தில் அந்தக் கோடு ஸ்ப்ரே துப்பாக்கியால் வந்தது, இரண்டு மூன்று சென்டிமீட்டர் மங்கலாக இருக்கும், உங்களுக்கு அது ஒரு மில்லிமீட்டருக்குள்.

சிவப்பு வட்டங்களுக்கு டெகல் வேண்டாம், பெயின்டே அடியுங்கள். டெகலின் ஓரம் இந்த அளவில் தெரியும், உரிசல் போடவும் முடியாது. பச்சை காய்ந்ததும், வட்டம் வெட்டும் காம்பஸ் கத்தியால் மாஸ்கிங் டேப்பில் ஓட்டை வெட்டி ஒட்டுங்கள், உள்ளே வெள்ளை அடியுங்கள். டேப்பை எடுக்காமல், அதே ஓட்டையின் உள் விளிம்பை ஒட்டி வெள்ளை வளையத்தின் அகலத்துக்கு இன்னொரு டேப் வளையத்தை வைத்துச் சிவப்பு அடியுங்கள். இரண்டையும் உரித்தால் வளையமும் வட்டமும் ஒரே மையத்தில் நிற்கும். உடலில் உள்ள வெள்ளை வளையம் நிஜத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது உங்களுக்கு 2.3. சிவப்பு அப்படியே பாட்டிலிலிருந்து எடுத்த சிவப்பாக இருக்கக் கூடாது, துளி பழுப்பு கலந்துகொள்ளுங்கள். போரின் பிற்பகுதியில் எதிரி கண்ணுக்குத் தூரத்திலேயே படுகிறது என்று அந்த வெள்ளை வளையத்தின் மேல் பச்சை பூசி மங்கலாக்கிய விமானங்கள் நிறைய. உங்கள் வளையம் சரியாக வரவில்லையென்றால் இதைவிட நியாயமான சாக்கு கிடையாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டு இடுக்குகளுக்குக் கறுப்பு வாஷ் வேண்டாம், பச்சையில் கரும்பழுப்பு, சாம்பலில் நடுத்தரச் சாம்பல். புகைக்குழாய்க்குப் பின்னால் கரியை இறக்கை அடிவரை மெலிதாக அடியுங்கள், நடுவில் கொஞ்சம் வெளிர் பழுப்பு. மாடல் 52-ல் முதலில் வந்தவற்றில் குழாய்க்குப் பின்னால் வெப்பத்தடுப்புத் தகடு இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள், ஆகவே நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட விமானத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்ணாடிக் கூண்டில் சட்டங்கள் ஏராளம், தயாராக வெட்டிய மாஸ்க் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், சட்டத்தில் முதலில் காக்பிட் பச்சை, பிறகு வெளிநிறம். அப்போதுதான் உள்ளிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கும். சக்கரக் கால்களை மடக்கி விரிக்கும் வசதி இந்தக் கிட்டில் உண்டு. ஒருமுறை மடக்கிப் பார்த்து ரசித்துவிட்டு விரித்த நிலையிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை மடங்கும்போதும் பெயின்ட் உரசும், இவ்வளவு எடையுள்ள மாடல் அசையும் கால்களில் வருடக்கணக்கில் நின்றால் சாய்ந்துவிடும்.

ஆன்டெனா கம்பியைக் கடைசி நாள் கட்டுங்கள். நீளும் லைக்ரா நூல் 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவாகக் கிடைத்தால் போதும், கை பட்டாலும் அறுந்துபோகாமல் வளைந்து திரும்பும். ரபாவுல் பக்கம் 1942-ல் ரேடியோ வேலைக்கு ஆகவில்லை என்று கழற்றி எறிந்து கம்பத்தையும் அறுத்த ஜீரோக்கள் உண்டு, பிரபல விமானி சகாய் சபுரோ அப்படிச் செய்தவர்களில் ஒருவர், ஆனால் அது மாடல் 21 காலம், உங்கள் 52-க்குக் கம்பியைக் கட்டிவிடுங்கள். இரண்டு உடல் பாதிகளையும் ஒட்டும் முன் காக்பிட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், மிட்சுபிஷியா நகாஜிமாவா எதைக் கட்டப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பின்னுடல் கோட்டை எங்கே வளைப்பது என்று வரைந்தே காட்டிவிடுகிறேன்.